மெர்சி மிஸ் சொன்ன பொய்

மெர்சிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை. பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் விரிசல் விட்டது, விளிம்பு கோணியது, நிறம் மங்கியது எதுவானாலும் அவள் கை தானாகப் போய்ப் பொறுக்கிவிடும். பக்கத்தில் நிற்பவளோடு பேசிக்கொண்டே பொறுக்குவாள். "மெர்சி கண்ணுல ஒண்ணும் தப்பாது" என்று சூப்பர்வைசர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கண்ணுக்கு வேறு வேலை. கோயிலில் எட்டு மணிப் பூசை முடிந்ததும் பின்பக்கம் இருக்கிற சிமெண்ட் ஷீட் ஹாலில் இளம்பெண்கள் குழு கூடும். எட்டாம் வகுப்பிலிருந்து காலேஜ் முதல் வருஷம் வரைக்கும் இருபது இருபத்திரண்டு பெண்கள். பதினோரு வருஷமாக அவர்களுக்கு மெர்சிதான் மிஸ். ஜெபம், பைபிள் வினாடி வினா எல்லாம் உண்டு என்றாலும், கல்யாணம் வரைக்கும் பெண் தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசும்போதுதான் மெர்சியின் குரல் ஏறும். ஒரு கண்ணாடி டம்ளரில் பாலை ஊற்றி மேஜைமேல் வைப்பாள். பேனாவிலிருந்து நீல மையை ஒரு சொட்டு விடுவாள்.

"ஒரே ஒரு சொட்டுதான். இப்ப இத யாரு குடிப்பீங்க? சொல்லுங்க."

சின்னப் பெண்கள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மாக்களுக்கு மெர்சி என்றால் உயிர். அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் கம்பெனியிலேயே கிடக்கிற ஊரில், தங்கள் பெண்களை இப்படி ஒருத்தி வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார வைத்து மிரட்டி அனுப்புவது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

மெர்சியும் ஒரு காலத்தில் ஒருவனை விரும்பினாள். அது அந்தப் பெண்கள் யாருக்கும் தெரியாது. இருபத்துமூன்று வயதில், அதே கம்பெனியில், மோல்டிங் பிரிவில் வேலை பார்த்த சாம்சன். ஒன்றரை வருஷம் பஸ்ஸிலும் கேன்டீனிலும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள், பழவேற்காட்டில் நண்பன் வீடு காலியாக இருக்கிறது, நாளைக்கு வருகிறாயா என்று கேட்டான். மெர்சி முடியாது என்றாள். கல்யாணம் ஆகட்டும் என்றாள். அவன் சண்டை போடவில்லை. சிரித்துக்கொண்டே சரி என்றான். அடுத்த வாரத்திலிருந்து வேறு பஸ்ஸில் வந்தான். மூன்றாவது மாதம் அவனுக்கும் திருநின்றவூரில் ஒரு பெண்ணுக்கும் நிச்சயமானது. பத்திரிகையை எல்லாருக்கும் கொடுத்ததுபோல அவளுக்கும் கொடுத்தான்.

அதற்கப்புறம் அப்பா இறந்தார். இரண்டு தங்கைகளைக் கரையேற்றினாள். அவளுக்கென்று யாரும் வந்து கேட்கவில்லை. குழுவில் படித்த பெண்களுக்குக் கல்யாணம் நடக்கும்போதெல்லாம் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சாக்ரிஸ்டி அறையில் நின்று, மணப்பெண்ணின் தலையில் வெள்ளை வலையைப் பின் குத்திவிடுவது மெர்சிதான். குத்திவிட்டு, பூசை முடிகிறவரைக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். மணமக்களைப் பார்க்காமல் ஜெபப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருப்பாள். நைட் ஷிப்ட் பார்த்த களைப்பு என்று அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மாதா பிறந்தநாளுக்குப் பெண்களுக்குப் பரிசு வாங்க மெர்சி பொன்னேரிக்குப் போயிருந்தாள். மூன்றரை மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தபோது பிளாட்பாரத்தில் ஜெனிபரைப் பார்த்தாள். ஜெனிபருக்குப் பதினேழு வயது, காலேஜ் முதல் வருஷம். குழுவிலேயே நன்றாகப் பாடுகிற பெண். அவள் அம்மா சுகிர்தாவும் மெர்சியும் ஒரே லைனில் இரண்டு ஆள் தள்ளி நிற்பவர்கள்.

ஜெனிபரோடு ஒரு பையன் நின்றிருந்தான். நெற்றியில் திருநீறு, கம்பெனி அப்ரண்டிஸ் சட்டை. மழை பெய்து விட்டிருந்ததால் பெஞ்செல்லாம் ஈரம். அவன் பேன்ட் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தான். பெஞ்சைத் துடைத்தான். மூலையில் தேங்கியிருந்த தண்ணீரையும் குனிந்து ஒற்றி எடுத்து, கர்ச்சீப்பைப் பிழிந்து, மறுபடி துடைத்தான். ஜெனிபர் உட்கார்ந்தாள். அவன் உட்காரவில்லை. நான்கடி தள்ளி நின்றுகொண்டு ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். குழுவில் இருக்கிற இன்னொரு பெண் ஸ்நேகா, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து ஜெனிபர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இவ்வளவுதான் மெர்சி பார்த்தது.

அவள் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். எதற்கு ஒளிகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் எத்தனையோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றையும் தன் முந்தானையால்தான் துடைத்திருக்கிறாள். ரயில் வந்தது, மூவரும் ஏறிப் போனார்கள். மெர்சி ஏறவில்லை. அடுத்த ரயில் வருகிறவரைக்கும் தூணிலேயே சாய்ந்து நின்றாள். வயிறு எரிந்தது. பரிசுப் பொருள் இருந்த பையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததில் பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளங்கையில் தடம் பதிந்துவிட்டது.

மறுநாள் கேன்டீனில் சுகிர்தா தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணியும் இல்ல."

"இல்ல, நீ சொல்லு."

மெர்சி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஜெனிய நேத்து பொன்னேரி ஸ்டேஷன்ல பாத்தேன்."

"ஆமா, நாலு மணி வண்டில வரும்."

"ஒரு பையனோட பாத்தேன் சுகி."

சுகிர்தாவின் கை தட்டிலேயே நின்றது. "பையனோடயா? கூட யாரு இருந்தா? ஸ்நேகா இல்லையா?"

அந்த இடத்தில் மெர்சி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

"யாரும் இல்ல. தனியாதான். கையக் கோத்துக்கினு, அவன் தோள்ல சாஞ்சிக்கினு இருந்தா. சொல்லக்கூடாதுன்னுதான் பாத்தேன். என் மனசு கேக்கல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு ஒரு குளிர்ச்சி. எரிந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ தண்ணீர் தெளித்ததுபோல. சுகிர்தா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நடந்தது அடுத்த நாளே லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜெனிபரின் அப்பா பீட்டர் ஒரு வெல்டர். கோபம் வந்தால் கை முன்னால் போய்விடும். ஜெனிபருக்குக் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டார். தோளில் சாயவே இல்லை, ஸ்நேகா கூடவே இருந்தாள் என்று ஜெனிபர் அழுது சொன்னாள். "கோயில்ல பாடம் சொல்ற மிஸ் பொய் சொல்வாங்களா, இல்ல திருட்டுத்தனம் பண்ற நீ சொல்வியா?" என்று அவர் கேட்டார். ஸ்நேகாவிடம் விசாரிக்கக்கூட இல்லை; கூட்டாளியைக் காப்பாற்றத்தானே அவள் பேசுவாள் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜெனிபரை ஊத்துக்கோட்டையில் இருக்கிற அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். காலேஜ் நின்றது.

அந்த ஞாயிறு ஹாலில் ஜெனிபர் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஸ்நேகா மட்டும் நின்றாள்.

"மிஸ், நானும் அங்கதான் இருந்தேன்."

மெர்சி ஜெபப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த அண்ணன் பேரு சரவணன். ஜெனிகிட்ட ரெண்டு மாசமா பேசணும் பேசணும்னு வந்துகினு இருந்தாரு. அவ என்னையும் நிக்க வெச்சிக்கினுதான் பேசுனா. 'எங்க கோயில்ல மிஸ் சொல்லிக் குடுத்திருக்காங்க. கல்யாணத்துக்கு முன்ன தொடறது, சுத்தறது ஒண்ணும் என்னால முடியாது. நான் டிகிரி முடிக்கணும். அதுக்கப்புறமும் நீ நெனச்சிக்கினு இருந்தா எங்க ஊட்ல வந்து கேளு. முடியாதுன்னா இப்பவே போயிடு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா. அவரு சரின்னாரு. அதுக்கப்புறம் ஒரு நாள் கூட அவ பக்கத்துல உக்காந்தது இல்ல. நீங்க சொன்னதத்தான் மிஸ் அவ செஞ்சா."

"சரி, நீ போ" என்றாள் மெர்சி.

இதைக் கேட்டவுடன் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. ஸ்நேகா சொன்னதிலிருந்துதான் மெர்சியின் உள்ளே நிஜமான நெருப்புப் பிடித்தது. அந்தப் பெண் கெட்டுப்போயிருந்தால்கூட மெர்சியால் தாங்கியிருக்க முடியும். நல்லவேளை நான் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஜெனிபரும் முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறாள். மெர்சி சொன்ன அதே வார்த்தை. மெர்சி சொன்னபோது அவன் பஸ்ஸை மாற்றிக்கொண்டு போனான். ஜெனிபர் சொன்னபோது இவன் நின்றான். நின்றதோடு குனிந்து பெஞ்சைத் துடைக்கிறான். அவளிடம் அப்படி என்ன இருக்கிறது? பாட்டா? பதினேழு வயதா? ஆண்டவரே, நானும் உமக்காகத்தானே அன்றைக்கு முடியாது என்றேன், எனக்கு மட்டும் ஏன் இந்தக் கூலி?

இரண்டு வாரம் மெர்சி வாய் திறக்கவில்லை. லைனில் சுகிர்தா கண் வீங்கி வந்து நிற்பாள். "நீ மட்டும் சொல்லலன்னா எம்பொண்ணு என்ன ஆயிருப்பாளோக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். மெர்சி கையை விடுவித்துக்கொண்டு மூடி பொறுக்கப் போவாள். ஒரு புதன்கிழமை விரிசல் விட்ட மூடிகள் ஒரு பெட்டி நிறைய அவள் கண்ணைத் தாண்டிப் போய்விட்டன. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. சூப்பர்வைசர் திட்டவில்லை, உடம்பு சரியில்லையென்றால் லீவு போடம்மா என்றார். அது திட்டினதைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை மாலை ஆறு மணிப் பூசைக்கு முன்னால் பங்குத்தந்தை பாவசங்கீர்த்தனக் கூண்டில், வருகிறவர்களின் பாவ அறிக்கையைக் கேட்க உட்கார்ந்திருந்தார். வயசான சாமியார், காது கொஞ்சம் மந்தம். மெர்சி முழங்கால் போட்டுச் சொல்லத் தொடங்கினாள். பொய் சொன்னதைச் சொன்னாள். பிறகு எதனால் சொன்னோம் என்பதைச் சொல்ல வரும்போது குரல் உடைந்தது. கர்ச்சீப், பெஞ்ச், சாம்சன், பழவேற்காடு என்று முன்னும் பின்னுமாக எல்லாம் வந்தது.

"அந்தப் பொண்ணு மேல பொறாமை ஃபாதர். நான் பாடம் சொன்ன பொண்ணு மேல. அவங்க தப்புப் பண்ணிடக்கூடாதுன்னு பயம்னு இத்தன வருஷம் நெனச்சிக்கினு இருந்தேன். பயம் இல்ல. எனக்குக் கெடைக்காதது இவங்களுக்கு எப்படிக் கெடைக்கலாம்னுதான் நெனச்சிருக்கேன்."

ஃபாதர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க பால்ல மை விடற பாடம் ஒண்ணு நடத்துறீங்களாமே. ஒரு பொண்ணு என் வீட்டுக்கு வந்து சொல்லி அழுதா. அவ எந்தப் பெரிய தப்பும் செய்யல, ஆனா தன்னை யாரும் தொடக்கூடாத பாலுன்னு நெனச்சிட்டா. கறை போகவே போகாதுன்னா நான் எதுக்கும்மா இந்தக் கூண்டுல உக்காந்திருக்கேன்?"

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கற்புன்றது ஆண்டவர்கிட்ட நாம போடற பேரம் இல்ல. நான் சுத்தமா இருக்கேன், நீ நல்ல புருஷனைக் குடுன்னு கேக்கறது இல்ல. அன்பைக் கெடுக்காம வெச்சிக்கறது, அவ்வளவுதான். நீங்க அன்னைக்குச் செஞ்சது சரி. அவன் போனது உங்க தோல்வி இல்ல. ஆனா அந்த வீட்ல நீங்க செஞ்சதை நீங்கதான் சரி பண்ணணும். ஜெபமாலை சொல்லி இதை முடிச்சிட முடியாது. நாளைக்கே போங்க."

மறுநாள் பூசை முடிந்து மத்தியானம் மெர்சி பீட்டர் வீட்டுக்குப் போனாள். சுகிர்தா சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். மெர்சி உட்காரவில்லை.

"நான் சொன்னது பொய். ஜெனி கையக் கோக்கல, தோள்ல சாயல. ஸ்நேகா கூடவே இருந்தா. அந்தப் பையன் நாலடி தள்ளி நின்னுக்கினு இருந்தான்."

பீட்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்தார். "இன்னாத்துக்கு அப்புறம் அப்பிடிச் சொன்னீங்க?"

"பொறாமை."

அவருக்கு அது காதில் விழுந்தும் புரியவில்லை. "யாரு மேல?"

"உங்க பொண்ணு மேல."

சுகிர்தா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் உன்ன எங்கூடப் பொறந்த அக்கான்னு நெனச்சேனே" என்றாள். பிறகு, "அந்தக் கொழந்தைய அடிச்சிட்டாரேக்கா" என்று அழ ஆரம்பித்தாள். பீட்டர் கை கழுவிவிட்டு வந்து வாசலைக் காட்டினார். மெர்சி படி இறங்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "எங்கிட்ட சொன்னா பத்தாது. அவகிட்ட வந்து சொல்லுங்க. நாங்க இப்பவே போறோம்."

மூன்று பேரும் பஸ் மாறி ஊத்துக்கோட்டை போய்ச் சேர நாலு மணி ஆனது. அத்தை வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஜெனிபர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெர்சியைப் பார்த்ததும் முகம் இறுகியது. பீட்டர் மகளிடம் போய், "மிஸ் சொன்னது பொய்யாம். நான் கேட்டிருக்கணும். தப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குமேல் நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

மெர்சி எல்லாவற்றையும் சொன்னாள். சாம்சனைப் பற்றியும் சொன்னாள். ஈரத்துணியைப் பிடித்தபடியே ஜெனிபர் கேட்டாள்.

"எனக்கு அடி கூட வலிக்கல மிஸ். எங்கப்பா நான் சொல்றத நம்பல பாருங்க, அதான். உங்க பேரச் சொல்லித்தான் நம்பல."

"தெரியும்மா."

"அந்த சாம்சன்கிட்ட அன்னைக்கு முடியாதுன்னு சொன்னதுக்கு இப்ப வருத்தப்படறீங்களா?"

மெர்சி கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தாள். "பதினெட்டு வருஷமா வருத்தப்பட்டிருக்கேன். வெளிய காட்டிக்கல. இல்லன்னு உங்க எல்லார்கிட்டயும் நடிச்சேன். ஆனா அன்னைக்கு அவன்கூடப் போயிருந்தாலும் அவன் என்ன விட்டுட்டுத்தான் போயிருப்பான். அது இப்பதான் எனக்குத் தோணுது."

"சரவணனும் போலாம் மிஸ். நாளைக்கே போலாம். அப்பவும் நான் சொன்னது சொன்னதுதான். அவருக்காக ஒண்ணும் நான் சொல்லலயே."

அவள் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினாள். மெர்சிக்கு மறுபடியும் வயிற்றில் அந்த எரிச்சல் வந்தது. பதினேழு வயதில் இந்தப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கிறது. தனக்கு நாற்பத்தொன்றில் ஒரு சாமியார் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் இந்தத் தடவை அது பொறாமைதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்ன மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரல ஜெனி."

"இப்ப கேக்காதீங்க மிஸ். இப்ப கேட்டா நான் பொய்தான் சொல்வேன்."

அன்றே ஜெனிபரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து காலேஜ் போனாள். தவறிப்போன இன்டெர்னல் பரீட்சைக்கு பீட்டரே போய் நின்று கேட்டு மறுபடி எழுத வைத்தார். சரவணன் ஒரு மாதம் கண்ணில் படவே இல்லை. பயந்துவிட்டானோ, மரியாதைக்கு விலகி நின்றானோ தெரியாது. பிறகு ஒரு ஞாயிறு தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பீட்டர் வீட்டுக்கு வந்தான். என்ன பேசினார்கள் என்பது மெர்சிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை தனக்கு இல்லை என்று அவள் கேட்கவும் இல்லை. சுகிர்தா லைனில் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேன்டீனில் எதிரெதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

குழுவை விட்டுவிடுகிறேன் என்று மெர்சி ஃபாதரிடம் போய் நின்றாள். "விட்டுட்டா உங்களுக்கு லேசா இருக்கும். அதனால விடக்கூடாது" என்றார் அவர். நடந்ததைப் பெண்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் இருக்கச் சொன்னால் இருங்கள் என்றார். மெர்சி சொன்னாள். இருபத்திரண்டு பேரில் ஆறு பேர் அடுத்த வாரம் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். ஜெனிபர் பூசைக்கு வருவாள், பாடுவாள்; ஹாலுக்கு வரமாட்டாள். கிறிஸ்துமஸ் போய், தவக்காலமும் வந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, ஜெனிபர் குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து கதவோரம் ஸ்நேகா பக்கத்தில் உட்கார்ந்தாள். மெர்சி அவளைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஜெபம் மட்டும் ஒரு இடத்தில் தடுமாறியது.

அன்றைக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, குழுவுக்குப் புதிது, கையைத் தூக்கினாள்.

"மிஸ், கல்யாணம் வரைக்கும் காத்துக்கினு இருந்தா நல்ல புருஷன் கெடைப்பாரா?"

"தெரியாதும்மா" என்றாள் மெர்சி. "கெடைக்கலாம். கெடைக்காமயும் போலாம். எனக்குக் கெடைக்கல."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப எதுக்கு மிஸ்?"

மெர்சி நாற்காலியை இழுத்து அவர்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "புருஷனுக்காக ஒண்ணும் இல்லம்மா, அன்பைக் கெடுக்காம வெச்சிக்கத்தான்" என்று யோசித்து யோசித்துத்தான் பேசத் தொடங்கினாள்.